வீட்டின் குறையும் வீட்டுக் கழிபொருளும்

கிராம அபிவிருத்தி என்றதும் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் ஊருக்குப் பொதுவானவை, இன்றியமையாதவை. ஆயினும், வயலிலும் களத்திலும் உழைத்த நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் நாம் கழிப்பது நம் வீட்டில்தான். குழந்தைகளும் முதியோரும் நோயாளிகளும் நாள் முழுவதும் அங்கேயே இருக்கின்றனர். அவ்வீடு பகலில் உலைக்களம் போலக் கொதித்து, உள்ளே இருண்டு, புழக்கடையில் சேறு தேங்கி நிற்குமாயின், ஊருக்கு வந்த வசதிகளின் பயன் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

புதிய வீடு கட்டிக்கொள்ள எல்லோருக்கும் உடனே வழி கிடைத்துவிடுவதில்லை. அரசாங்க உதவி கிடைக்கும் குடும்பமும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் அந்த ஆண்டுகளிலும் கோடை வருகிறது, மழை வருகிறது, கொசு வருகிறது. இந்த இடைக்காலத்தில், இருக்கின்ற வீட்டைச் சிறு செலவில் ஓரளவு திருத்திக்கொள்ள முடியாதா? முடியும். அதற்கு வேண்டிய பொருள்களில் பல நம் வீட்டு மூலையிலும், கொல்லையிலும், தெருக்கோடிக் குப்பைமேட்டிலும் கிடக்கின்றன. உடைந்த ஓடு, வாய் சிதைந்த பானை, கிழிந்த நூல் புடவை, கோணிச்சாக்கு, காலியான எண்ணெய் டப்பா, நெகிழிப் புட்டி ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் எதனை எதற்குப் பயன்படுத்தலாம், எதனை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் சேர்க்கலாகாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் குறை, பிறகு பொருள்

பழம்பொருள்களை வீணாக்காமல் சேர்த்துவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. சிக்கனம் நல்ல குணமே. ஆனால், ‘என்றாவது பயன்படும்’ என்று கருதிச் சேர்த்துவைத்த பொருள்கள் பரணையும் திண்ணையையும் நிரப்பி, எலிக்கும் தேளுக்கும் கொசுவுக்கும் இருப்பிடமாகிவிடுவதையும் நாம் காண்கிறோம். இதற்குக் காரணம் என்ன? நாம் பொருளிலிருந்து தொடங்குகிறோம். கையில் ஒரு டயர் கிடைத்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம். இம்முறையை மாற்றி, வீட்டின் குறையிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வீட்டில் வாழ்பவர்களை மிகுதியாக வருத்துவது எது? வெப்பமா, இருளா, தேங்கும் கழிவுநீரா, நோயா? அதனை அறிந்த பிறகே அக்குறையை நீக்கும் பொருளைத் தேடவேண்டும்.

பொருள் கிடைத்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இதில் முன்பு என்ன இருந்தது? இதில் நீர் தேங்குமா? இது எளிதில் தீப்பற்றுமா? இம்மூன்றுக்கும் தகுந்த விடை கிடைத்தால் மட்டுமே கழிபொருளைக் குடும்பத்தினர் வாழும் இடத்தில் சேர்க்கலாம். இக்கேள்விகளின் பயன் மேலே செல்லச் செல்ல விளங்கும்.

வெப்பத்தைத் தணித்தல்

ஏழை மக்களின் வீடுகளில் பனையோலை, கீற்றுக் கூரைகள் குறைந்து, தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் கான்கிரீட் தளமும் மிகுந்துவிட்டன. இவை மழைக்கு ஒழுகுவதில்லை, தீப்பற்றுவதில்லை. ஆனால் கோடையில் இவற்றின் கீழே இருப்பது கடினமாகிறது. கூரை வெயிலை உட்கொண்டு சூடேறி, அச்சூட்டைக் கீழே உள்ளவர்கள் மீது வீசுவதே இதன் காரணம். ஆகவே, கூரை சூடேறாமல் தடுப்பது ஒரு வழி; கூரைக்கும் நமக்கும் இடையே காற்று நிற்கும் இடைவெளி ஒன்றை அமைப்பது மற்றொரு வழி.

முதல் வழிக்கு வெண்ணிறமே துணை. வெண்மையான பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட் தளமுள்ள வீடுகளில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து, இடுக்குகளைக் கலவையால் பூசிவிடலாம். ஓடு விற்கும் கடைகளிலும், புதிதாக வீடு கட்டுமிடங்களிலும் இத்துண்டுகளை வேண்டாப் பொருளாகக் கொட்டிவிடுகின்றனர். கேட்டால் பெரும்பாலும் விலையின்றியே கிடைக்கும். கொத்தனார் கூலியும் சிறிது சிமெண்டும் மட்டுமே செலவு. தளத்தில் நீர் ஒழுகும் வெடிப்பு இருந்தால், முதலில் அதனைச் சரிசெய்துவிட்டுப் பிறகே ஓடு பதிக்க வேண்டும். வாட்டம் கெடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். மழைநீர் தளத்தில் தேங்கினால் ஒரு குறையை நீக்கி மற்றொரு குறையை வரவழைத்தவர்கள் ஆவோம்.

இதற்கும் வசதி இல்லாதவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம். நீர்த்த சுண்ணாம்பைப் பழந்துணியில் வடிகட்டி, பிடிப்பதற்காகக் கஞ்சியோ பசையோ சேர்த்து, கோடை தொடங்குமுன் இரண்டு மூன்று பூச்சாகப் பூச வேண்டும். மழையில் கரைந்துவிடுமாதலால் ஆண்டுதோறும் இதனைச் செய்ய வேண்டியிருக்கும். குஜராத் மாநிலத்தின் ஆமதாபாத் நகரில், 2013ஆம் ஆண்டு வெப்பத் தற்காப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2017ஆம் ஆண்டில் ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் பணி தொடங்கிற்று. 2023ஆம் ஆண்டில் தெலங்கானா அரசாங்கம் குளிர்ந்த கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. சுண்ணாம்பு வாளியும் மட்டையும் அரசாங்கக் கொள்கையில் இடம்பெறும் அளவுக்கு மதிப்புள்ளவை என்பதை இவற்றால் அறியலாம்.

இரண்டாவது வழி மேற்கட்டி. கோயில்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் துணியால் மேற்கட்டி கட்டுவதை நாம் அறிவோம். பழைய வெள்ளை வேட்டிகளையும் வெளிர்நிறப் புடவைகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்து, தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே இறுக்கமாகக் கட்டினால், சூடேறிய தகரத்தின் தகிப்பு நேரே நம்மீது படாது. கூரைக்கும் துணிக்கும் இடையே உள்ள காற்று வெளியேறுவதற்காக, சுவரின் உச்சியில் இரு பக்கங்களிலும் திறப்பு இருக்க வேண்டும். மூன்றாவது கேள்வியை இங்கே மறத்தலாகாது. துணி தீப்பற்றும் பொருள். ஆகவே அடுப்பு எரியும் இடத்திலும், விளக்கு ஏற்றும் மாடத்துக்கு மேலும், மின்கம்பி ஓடும் பகுதியிலும் மேற்கட்டி கட்டக்கூடாது. மாதம் ஒருமுறை அதனை அவிழ்த்துத் துவைத்துக் கட்டுதல் வேண்டும்.

மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே கோணிச்சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டு, பிற்பகலில் நீர் தெளித்தால் உள்ளே வரும் காற்று குளிர்ந்து வரும். காற்று உலர்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் இது நன்கு பயன்படும். காற்றிலே ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இதனால் அத்துணைப் பயனில்லை. அங்கே நனைக்காத சாக்கை வெறும் நிழலுக்காகக் கட்டினால் போதும்.

இருளைப் போக்குதல்

நம் ஊர் ஓட்டு வீடுகளில் இருளைப் போக்க இடையிடையே கண்ணாடி ஓடு பதிக்கும் வழக்கம் உண்டு. தகரக் கூரை வீடுகளுக்கு இவ்வசதி இல்லை. பகலிலும் விளக்கெரிக்க வேண்டியிருக்கிறது. பிரேசில் நாட்டில் ஆல்பிரெடோ மோசர் என்ற இயந்திரத் தொழிலாளி 2002ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். நிறமற்ற நெகிழிப் புட்டியில் நீர் நிரப்பி, கூரையில் துளையிட்டு, புட்டியின் மேற்பகுதி வெளியே தெரியுமாறு செருகினார். வெளியே பட்ட வெயில் நீரின் வழியாகப் புகுந்து அறையின் எல்லாப் பக்கங்களிலும் பரவிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் இம்முறை ஏழை மக்களின் குடியிருப்புகளில் பெருமளவில் பரவியது. நல்ல வெயிலில் இது 40 முதல் 60 வாட் குமிழ் விளக்குக்கு ஒப்பான ஒளி தருவதாகக் கூறுகின்றனர்.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும் தெளிந்த புட்டியை நன்கு கழுவி, கொதித்து ஆறிய நீரை நிரப்ப வேண்டும். பாசி பிடிக்காதிருக்க, துணி வெளுக்கும் திரவத்தை இரண்டு மூடியளவு சேர்த்து இறுக மூடவேண்டும். ஒரு சிறு தகரத் துண்டில் புட்டி நுழையுமளவு துளையிட்டு, புட்டியின் மூன்றில் ஒரு பகுதி மேலே நிற்குமாறு பொருத்தி, அத்துண்டைக் கூரையின் துளைமீது வைத்து, நீர் புகாத பசையால் நன்கு அடைத்துவிட வேண்டும். வெயிலில் நெகிழி நாளடைவில் நொய்ந்து போகும். ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் புட்டியையும் அடைப்பையும் சோதிக்க வேண்டும். இது பகல் விளக்கு மட்டுமே என்பதையும், தகரக் கூரைக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் துளையிடலாகாது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கழிவுநீரும் காய்கறித் தோட்டமும்

பாத்திரம் துலக்கும் இடத்திலும் குளிக்கும் இடத்திலும் வெளியேறும் நீர், புழக்கடையில் குட்டையாகத் தேங்கி நிற்பது பல வீடுகளில் காணும் காட்சி. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களிடையே சச்சரவு மூள்வதும் பெரும்பாலும் இந்நீரால்தான். உறிஞ்சுகுழி ஒன்று அமைத்தால் இத்தொல்லை நீங்கும். இடித்த வீட்டுச் செங்கற் துண்டுகளும், உடைந்த நாட்டு ஓடுகளும், வாய் சிதைந்த ஒரு மண்பானையும் இதற்குப் போதுமானவை.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒவ்வொரு மீட்டர் இருக்குமாறு குழி வெட்ட வேண்டும். அடியில் பெருந்துண்டுகள், நடுவில் நடுத்தரத் துண்டுகள், மேலே சிறு துண்டுகள் என்னும் வரிசையில் நிரப்ப வேண்டும். மேற்புறத்தின் நடுவே, அடியில் பல துளைகள் இட்ட பானையைப் பதித்து, அதனுள் தேங்காய் நாரையோ வைக்கோலையோ அடைத்து, கழிவுநீர் அப்பானையின் வழியாகவே குழிக்குள் செல்லுமாறு செய்ய வேண்டும். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பசையும் நாரிலே தங்கிவிடும், குழி அடைபடாது. வாரந்தோறும் நாரை மாற்றி, பழைய நாரை எருக்குழியில் இடலாம். பானையைச் சுற்றியுள்ள இடத்தைப் பழஞ்சாக்கால் மூடி மேலே மண் பரப்பிவிட்டால், நீர் வெளியே தெரியாது. கொசு முட்டையிட இடமிராது.

குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 10 மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டியும் குழி வெட்டலாகாது. கழிப்பறை நீரை இதில் விடவே கூடாது. நீரை உறிஞ்சாத களிமண் நிலத்தில் இக்குழி பயன்படாது. அத்தகைய இடங்களில் வாய்க்கால் அமைத்து, வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவற்றுக்கு அந்நீரைப் பாய்ச்சிவிடுவதே தக்கது.

வாய் மட்டும் உடைந்து, அடிப்பாகம் நன்றாயிருக்கும் பானைகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, அதனைச் சுற்றிப் பாகல், புடல், சுரை, பூசணி ஆகிய விதைகளை ஊன்றி, பானையில் நீர் ஊற்றிவைத்தால், மண்பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வேருக்குச் செல்லும். மண் காய்ந்தால் மிகுதியாகக் கசியும். ஈரமாயிருந்தால் கசிவு குறையும். மேலே ஊற்றும் நீரைப்போல இது வெயிலில் ஆவியாகி வீணாவதில்லை. சீன தேசத்தில் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட வேளாண்மை நூலொன்றில் இம்முறை கூறப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்வி இங்கே எழுகிறது: பானையில் நீர் நிற்குமன்றோ? ஆகவே உடைந்த ஓட்டுத் துண்டாலோ தட்டாலோ பானையின் வாயை இடைவெளியின்றி மூடிவைக்க வேண்டும். எண்ணெய் படிந்த பானையும் மெருகிட்ட பானையும் நீரைக் கசியவிடா; அவற்றைத் தள்ளிவிடுக.

நோயைத் தடுத்தல்

பழம் புடவையின் பயனுக்கு வங்காள தேசம் ஒரு சான்று தந்திருக்கிறது. அங்கே மத்லப் என்னும் பகுதியில், குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடிக்கும் 65 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பழைய நூல் புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து, அதன் வழியே நீரை வடிகட்டிக் குடித்த குடும்பங்களில், வாந்திபேதி நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வாந்திபேதிக் கிருமி மிகச் சிறியது, துணியில் தங்காது. ஆனால் அது நீரில் வாழும் நுண்ணிய உயிரினங்களின் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அவ்வுயிரினங்கள் துணியில் தங்கிவிடுகின்றன. புதுப் புடவையைவிடப் பழம் புடவையே இதற்கு ஏற்றது. பலமுறை துவைத்த நூல் பிசிறு விட்டு, இழைகளின் இடைவெளி சுருங்கிவிடுவதே காரணம்.

நம் நாட்டிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. நரம்புச் சிலந்தி நோய் ஒரு காலத்தில் பல மாநிலங்களில் மக்களை முடக்கியது. நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரின் உடலில் இருந்துகொண்டு குடிநீருடன் உட்செல்லும் புழுவே அந்நோய்க்குக் காரணம். படிக்கிணறுகளைத் திருத்தியதும், குடிநீரைத் துணியால் வடிகட்டும் பழக்கத்தை வீடுதோறும் பரப்பியதும் அந்நோயை ஒழிக்கத் துணைபுரிந்தன. 1996ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியாவில் அந்நோய் தோன்றவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடென அறிவித்தது.

இதனால், புடவையில் வடிகட்டிவிட்டால் போதும் என்று கருதிவிடக் கூடாது. குழாய் நீருக்குக் குளோரின் இடுவதும், ஐயமுள்ள நீரைக் கொதிக்கவைப்பதும் கட்டாயம் செய்யவேண்டியவை. வெள்ளக் காலத்திலும் குழாய் உடைந்த காலத்திலும், கொதிக்கவைக்குமுன் நீரைத் தெளிவாக்கப் புடவை வடிகட்டி உதவும். வடிகட்டிய துணியைச் சுத்தமான நீரில் அலசி, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும்.

கை கழுவுவதற்கும் கழிபொருளால் ஒரு சாதனம் அமைக்கலாம். சமையல் எண்ணெய் வந்த 5 லிட்டர் டப்பாவை நன்கு கழுவி, வாய்க்குச் சற்றுக் கீழே ஆணியால் ஒரு துளை இட வேண்டும். நீர் நிரப்பி, இரண்டு கவைக் கம்புகளின்மேல் குறுக்குக் கம்பு வைத்து அதில் தொங்கவிட வேண்டும். டப்பாவின் கழுத்திலிருந்து ஒரு கயிற்றைத் தரைக்கு இறக்கி, மிதிகட்டை ஒன்றில் கட்ட வேண்டும். கட்டையை மிதித்தால் டப்பா சாய்ந்து துளைவழியே நீர் மெல்லியதாக வரும். சோப்பைப் பழைய வலைப்பையில் இட்டு அருகே கட்டிவிடலாம். ஜிம்பாப்வே நாட்டில் 1980ஆம் ஆண்டுகளில் தோன்றிய இம்முறை பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. கழுவாத கையால் எதையும் தொடவேண்டியதில்லை. நீரும் மிகச் சிறிதே செலவாகும். குழாய் இல்லாத கழிப்பறை வாசலுக்கு இது ஏற்றது.

வீட்டுக்குள் சேர்க்கலாகாதவை

இதுவரை கூறியவற்றினும் முக்கியமான பகுதி இது. விவசாயிகள் ஒவ்வொருவரும் இதனை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. பூச்சிமருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்றே அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். ‘இதில் முன்பு என்ன இருந்தது?’ என்ற ஒரு கேள்வி எத்தகைய கேள்வி என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

பூச்சிமருந்து டப்பா உறுதியானது; மூடி இறுக்கமானது; பார்ப்பதற்கு அழகானது. ஆகவேதான் அதனை எறிய மனம் வருவதில்லை. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகவும், மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், விதை ஆகியவற்றை வைக்கவும் சிலர் அதனை எடுத்துக்கொள்கின்றனர். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கும் நீருக்கும் உரிய கலமாகாது. மருந்து தீர்ந்தவுடன் டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். பின்னர் எவரும் மீண்டும் எடுத்தாளாதவாறு டப்பாவைத் துளைத்துச் சிதைத்துவிட வேண்டும். இத்தகைய கலங்களை வெளியே போட்டுவைக்காமல் உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைத்துவிட வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள் கூறுகின்றன. கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றுக்கு அருகே புதைக்கலாகாது. இடத்தை வேளாண்மை அலுவலரைக் கேட்டுத் தீர்மானிப்பது நலம். மருந்திட்டு நேர்த்தி செய்த விதை வந்த பைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் அரிசியோ பருப்போ வைக்கக்கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தாலும் அறுத்தாலும் துளையிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் சென்றபின் புற்றுநோயும் வரக்கூடும். உடைந்த தகட்டைத் தூளாக்கித் தரை மெத்துவதும், அதன் துண்டுகளைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடுவதும் பெருந்தீங்கு. கூரையாகக் கிடக்கும் தகட்டை அப்படியே விட்டு, மேலே வெள்ளை பூசுவதே போதுமானது. துடைப்பத்தாலோ கம்பித் தூரிகையாலோ அதனைச் சுரண்டலாகாது.

பழைய மின்கலங்களில் ஈயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கி அரசாங்கம் விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல, பழுதாகிப் பரணில் கிடக்கின்றன. அவற்றின் கண்ணாடிக் குழலிலும் ஈயம் உண்டு. குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. செம்புக் கம்பிக்காக இவற்றை வீட்டில் உடைப்பதும் எரிப்பதும் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அடுப்புப் பற்றவைக்க நெகிழிப் பையையும் டயர்த் துண்டையும் பயன்படுத்துவதும் அவ்வாறே நச்சுப் புகையை வளர்ப்பதாகும்.

டயர், சிரட்டை, உடைந்த குடம், பழைய ஆட்டுக்கல் ஆகியவற்றைப் பற்றியும் ஒரு சொல். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இவற்றில் தேங்கும் சிறிதளவு நன்னீரிலேயே முட்டையிடுகிறது. முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிந்துவிடும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆவதால், வாரம் ஒருமுறை இதனைச் செய்ய வேண்டும். டயரில் செடி வைப்பவர்கள் கீழே துளையிட்டு, விளிம்புவரை மண் நிரப்பிவிடுக.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளுக்குரிய 29 பொருள்களை வகுத்தது. ஊரக வீட்டுவசதியும் சுகாதாரமும் அவற்றுள் அடங்கும். ஆகவே நாம் இதுவரை கூறியவை தனி மனிதர்களின் விருப்பத்துக்கு மட்டும் விடவேண்டியவை அல்ல. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முன்னின்றால் பெருஞ்செலவின்றிப் பல காரியங்கள் கைகூடும்.

முதலாவதாக, வார்டு தோறும் வீடுகளைப் பார்வையிட்டு, எவ்வீட்டில் என்ன குறை என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். தனித்து வாழும் முதியோர், கைம்பெண்கள், ஊனமுற்றோர், கைக்குழந்தை உள்ளோர் ஆகியோரின் வீடுகள் பட்டியலில் முதலிடம் பெறவேண்டும். தாமே கூரையேறவும் குழி வெட்டவும் இயலாதவர்கள் அவர்களே.

இரண்டாவதாக, பழைய வீடு இடிக்கப்படும்போது வெளிப்படும் ஓடு, செங்கல், கதவு, சன்னல், பனஞ்சட்டம் ஆகியவை சாலையோரத்தில் மக்கிப்போகாமல், உரியவரின் இசைவோடு அவற்றைச் சேர்த்துவைக்க ஒரு கொட்டகை வேண்டும். அது மழைநீர் படாததாகவும், மாதந்தோறும் காலி செய்யப்படுவதாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் அதுவே ஊரின் கொசுப்பண்ணையாகிவிடும். கேரளத்தில் வாழ்ந்து பணியாற்றிய லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் (1917–2007), பழைய மங்களூர் ஓடுகளைக் கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இடையிடையே வைத்து நிரப்பி, சிமெண்டையும் தளத்தின் பாரத்தையும் குறைத்தார். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக இலேசான ஓட்டை வைக்கலாம் என்பதே அதன் தத்துவம். பொறியாளரின் மேற்பார்வையில் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். புதிதாக வீடு கட்டுவோர், இடிக்கப்பட்ட தம் பழைய வீட்டு ஓடுகளை இவ்வாறு பயன்படுத்த இயலுமா என்று ஒன்றியப் பொறியாளரைக் கேட்டறியலாம்.

மூன்றாவதாக, வீட்டில் எவ்வகையிலும் பயன்படாத நெகிழிப் பைகளைத் தனியே சேர்க்க ஏற்பாடு வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், நெகிழிக் கழிவைச் சூடாக்கிய ஜல்லியின்மேல் படியவைத்துத் தாரோடு கலந்து சாலை அமைக்கும் முறையை உருவாக்கினார். 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். நாம் எரித்து நஞ்சாக்கும் பொருள் இவ்வாறு ஊர்ச் சாலைக்கு உறுதியளிக்கக்கூடும்.

நான்காவதாக, பூச்சிமருந்து டப்பாக்களைப் பற்றிய எச்சரிக்கையைப் பருவத்துக்கு ஒருமுறை ஊரார் அனைவரும் கேட்கச் சொல்ல வேண்டும். பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் எண்ணெயும் நீரும் வைக்கும் கலங்கள் எங்கிருந்து வந்தவை என்பதை அங்கத்தினர்கள் நேரில் சென்று பார்வையிட வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மேற்கட்டி தைப்பதை மகளிர் சுய உதவிக் குழுக்களிடமும், ஓடு பதிப்பதையும் உறிஞ்சுகுழி வெட்டுவதையும் உள்ளூர்க் கொத்தனார்களிடமும் ஒப்படைக்கலாம். ஊர்மக்கள் கண்ணால் காணும்படி முதலில் மூன்று வீடுகளில் மட்டும் செய்துகாட்டுவது சிறந்தது. ஒரு கோடை கழிந்தபின், அவ்வீட்டார் கூறுவதைக் கேட்டே மற்றவர்கள் முன்வருவர்.

இறுதியாக ஒன்று கூற வேண்டும். கழிபொருளைக் கொண்டு வீட்டைத் திருத்தும் இம்முறை, ஏழை மக்களுக்கு உரிய நல்ல வீட்டை மறுப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. பழையதே ஏழைக்குப் போதும் என்ற எண்ணம் எவர் மனத்திலும் எழலாகாது. நிலையான வீடும் தூய குடிநீரும் ஒவ்வொரு குடும்பமும் பெறவேண்டியவை. அவற்றைப் பெற்றுத் தருவது பஞ்சாயத்தின் கடமை. அவை வந்து சேரும்வரை, இவ்வாண்டுக் கோடையிலும் இவ்வாண்டு மழையிலும் அக்குடும்பத்தினர் சிறிதேனும் நலமாக வாழவேண்டும் என்பதற்காகவே இவற்றைக் கூறினோம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசி, உங்கள் ஊரில் முதலில் திருத்தவேண்டிய மூன்று வீடுகள் எவை என்பதை முடிவு செய்யுங்கள். பணி அங்கிருந்து தொடங்கட்டும்.